"நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்"

(பர்வதமலைப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்காக நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று இங்கே வெளியிடுகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று மூன்று மலைகளை ஏறி இறங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான்காவதாக ஒரு நிஜ மலையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நாம் போகப்போவது திருவண்ணாமலை மாவட்டத்தில் கலசபாக்கம் பக்கம் இருக்கும் பர்வதமலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரர், பிரமராம்பிகை கோயில். தென்மகாதேவமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். இரண்டு பாதைகளும் மேலே ஒன்று சேர்கின்றன. நாம் தென்மகாதேவமங்கலம் பக்கமிருந்து ஏறுகிறோம்.

திருப்பதிப் படி ஏறியிருக்கிறோம், பழனி ஏறியிருக்கிறோம், இதுவும் அப்படித்தானே என்று சிலர் கேட்டீர்கள். முதல் பகுதி அப்படித்தான். ஆயிரத்துக்கு மேல் படிகள் இருக்கின்றன. படி முடிந்ததும் கல்லும் வேருமாகக் காட்டுப்பாதை. அதுவும் முடிந்த பிறகு மலை தன் சுயரூபத்தைக் காட்டும். இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பாறை முதுகில், இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். அவற்றில் காலை வைத்து, கையால் பிடித்து ஏறுவதற்குக் கடப்பாரைப் படி என்று பெயர். தண்டவாளப் படி, ஏணிப் படி என்றும் இடங்கள் உண்டு. இப்போது சில இடங்களில் இரும்புப் படிக்கட்டும் கைப்பிடியும் வந்துவிட்டன. ஆனாலும் கையை ஊன்றாமல் உச்சிக்குப் போக முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கே ஏற மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும்.

இந்த மலைக்கு ஒரு பழைய பெருமை உண்டு. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு நூல் இருக்கிறது. 583 அடிகள். பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கி வந்த ஒருவர், வழியில் எதிர்ப்பட்ட கூத்தர்களுக்கு அவன் ஊருக்குப் போகும் வழியைச் சொல்வதுதான் பாட்டு. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அதில் வரும் நவிர மலை, நஞ்சுண்ட கடவுள் உறையும் மலை, இந்தப் பர்வதமலைதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் அதை மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்போம். மலையேறுகிறவன் கண்ணோடு படித்துப் பாருங்கள். பாதி நூல் வழிப் பாதுகாப்புக் குறிப்புதான். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்த பிறகு நடங்கள் என்கிறார். புனம் காப்பவர்கள் யானையை விரட்ட வீசும் கவண் கல் பறந்து வரும், மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு போங்கள் என்கிறார். வழுக்கும் இடத்தில் எந்தச் செடியைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று வரைக்கும் சொல்கிறார். காட்டாற்று வழுக்கலைக் கடக்கும் இடத்தில் அவர் சொல்லும் குறிப்பு முக்கியமானது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு கடந்து போங்கள் என்கிறார். பலசாலிகள் முன்னால் போங்கள், மற்றவர்கள் மெதுவாக வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

நான் இன்று சொல்ல வந்ததும் அந்த ஒரு விஷயம்தான். மலையில் நாம் பயப்பட வேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. நம் எல்லோருக்கும் பழக்கமான வாக்கியம். "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்."

கேட்க எவ்வளவு பண்பாக இருக்கிறது பாருங்கள். நம்மால் நாலு பேருக்கு இடைஞ்சல் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேருந்து நிலையத்திலும் இந்த வாக்கியம் நல்ல குணம்தான். மலையில் இதைச் சொல்கிறவருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒன்று சரியில்லை. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, முழங்கால் பிசகியிருக்கிறது, அல்லது பாறையைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இப்படிச் சொல்கிறார். துணை அதிகம் தேவைப்படும் நேரத்தில் துணையை அனுப்பிவிடுகிறார். நாமும் "சரி, பார்த்து வாங்க" என்று நகர்ந்துவிடுகிறோம். தப்பு இரண்டு பக்கமும் மரியாதையாகவே நடந்துவிடுகிறது.

போன வருடப் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். "என் பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றார். 63 வயது. தினமும் நம் வளாகத்தைப் பத்துச் சுற்று நடப்பவர். படிகளை நம் பையன்களுக்கு முன்னால் ஏறிவிட்டார். காட்டுப்பாதையில் பாதி தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அவர் குழுவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் இருந்தாள். அவள் நகரவில்லை. "சொன்னா கேளும்மா, போ" என்று அவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். பதினேழு வயதுப் பெண், தாத்தா வயதுக்காரர் பேச்சை மீறுவது நம் வீடுகளில் லேசான காரியமா? "பரவாயில்ல அங்கிள், எனக்கும் கால் வலிக்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததால்தான் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் அவர் கை நடுங்கியது. காலைக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது.

விஷயம் இதுதான். சாமி பார்க்கும் வரை சாப்பிடக்கூடாது என்று முதல் நாள் இரவிலிருந்து விரதம். ஆனால் காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. குழுவின் கடைசி ஆளிடம் இருந்த குளுக்கோஸை மூன்று கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு பிஸ்கட் சாப்பிட வைத்து, நன்றாகத் தேறிய பின் இருவரும் அவரோடு கீழே இறங்கினார்கள். மீதி மூன்று பேர் அடுத்த குழுவோடு சேர்ந்துகொண்டார்கள்.

அவர் தனியாக விடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. அவர் வீட்டம்மாவும் இங்கே இருக்கிறார்.

அதனால் இந்தப் பயணத்துக்கு முதல் விதி: அந்த வாக்கியத்தை யாரும் சொல்லக்கூடாது. யாராவது சொன்னால் யாரும் ஏற்கக்கூடாது. அதற்குப் பதில் "எனக்குப் போதும்" என்று சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். "இவ்வளவு தூரம் வந்துட்டு", "இன்னும் கொஞ்சம்தான்" என்று உற்சாகப்படுத்துவதும் வேண்டாம். பாதியில் திரும்பியவர் என்று வாட்ஸ்அப்பில் கிண்டலும் வேண்டாம்.

இரண்டாவது, குழு. 24 பேர் வருகிறோம். ஆறு ஆறு பேராக நான்கு குழுக்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவரோடு இருக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து உதவிக்குப் போக வேண்டும். அதற்கே நான்கு பேர் தேவை. ஒருவர் துணையோடு திரும்பிவிட்டாலும் மேலே நான்கு பேர் மிஞ்ச வேண்டும் என்பதால் ஆறு. நான்குக்குக் கீழே குறைந்தால் அடுத்த குழுவோடு சேர்ந்துவிட வேண்டும். குழுவில் மெதுவாக நடப்பவர் இரண்டாவதாக நடப்பார். அவர் வேகம்தான் குழுவின் வேகம். பழக்கப்பட்ட ஒருவர் கடைசியில் வருவார். முதலுதவிப் பை அவரிடம் இருக்கும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

மூன்றாவது, நேரம். முதல் நாள் மாலையே திருவண்ணாமலை போய்த் தங்குகிறோம். இரவு முழுக்க வேனில் உட்கார்ந்து வந்து, தூங்காத கண்ணோடு மலையேறுவது வேண்டாம். பௌர்ணமியைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. திருவண்ணாமலையில் அறை கிடைக்காது, சங்கிலியிடத்தில் வரிசை நிற்கும். வெளிச்சம் வந்ததும் ஆறு மணிக்கு ஏறத் தொடங்குவோம். பகல் 12 மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புவோம். இந்த முடிவை மேலே நின்று எடுக்க முடியாது. உச்சி பக்கத்தில் தெரியும்போது எல்லோருக்கும் கணக்கு மாறிவிடும். அதனால்தான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இப்போதே எடுத்துவிடுகிறோம். வானம் இருட்டி இடி கேட்டால் 12 மணிக்கும் காத்திருக்க வேண்டாம். மொட்டைப் பாறையும் இரும்புச் சங்கிலியும் இடி நேரத்தில் இருக்கக் கூடாத இடங்கள்.

இனி பாறையில் நடந்துகொள்ளும் முறை. இரண்டு கை, இரண்டு கால், மொத்தம் நான்கு. அதில் மூன்று எப்போதும் பாறையிலோ இரும்பிலோ இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். அது நிலைத்த பிறகு அடுத்தது. கனத்தைக் கால் தாங்கட்டும், கை விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். கையாலேயே இழுத்து ஏறினால் பத்தே நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். சங்கிலியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒருவர் மட்டும். இன்னொருவர் பிடித்து இழுத்தால் அது உங்கள் கையில் ஆடும். கடப்பாரையில் காலை நுனியில் வைக்காதீர்கள், பாறையை ஒட்டி வைத்தால் உறுதி. மேலே ஒருவர் ஏறும்போது நேர் கீழே நிற்காதீர்கள். கல் உருண்டால் "கல்!" என்று கத்துங்கள். அப்போது சத்தம் கேட்டு மேலே பார்க்காமல், தலையைக் குனிந்து பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். செல்ஃபி எல்லாம் சமதரையில்.

இறங்குவதுதான் கடினம். கால் களைத்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், சாமி பார்த்தாயிற்று என்று மனசும் தளர்ந்திருக்கும். செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடி, வீட்டில் பரணிலிருந்து இறங்குவதுபோல இறங்குங்கள். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை, அங்கே நமக்கு யாரும் பரிசு தரப்போவதில்லை.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தொப்பி, அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ. பை முதுகில் இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக வேண்டும். பிளாஸ்டிக் எதுவானாலும் கொண்டுபோனவரே கீழே கொண்டுவர வேண்டும். வனத்துறையும் கோயில் நிர்வாகமும் அன்றைக்கு ஏற வேண்டாம் என்றால் ஏற மாட்டோம். அன்று அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு வருவோம்.

இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எதற்காவது மருந்து சாப்பிடுபவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். நடக்கலாமா என்று கேட்காதீர்கள், "நடங்க, நல்லது" என்றுதான் சொல்வார். ஐந்து மணி நேரம் மலை ஏறலாமா, அன்று மாத்திரையை எப்படிப் போட வேண்டும், விரதம் இருக்கலாமா என்று கேளுங்கள். ஏறும்போது நெஞ்சில் பாரமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால், வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அங்கேயே உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். மற்றதைக் குழு பார்த்துக்கொள்ளும்.

எல்லோரும் உச்சிக்குப் போக வேண்டும் என்பதில்லை. இந்த முறை பெயர் கொடுக்கும்போதே மூன்று வரிசை வைத்திருக்கிறோம்: படி முடியும் இடம் வரை, பாதைகள் சேரும் இடம் வரை, உச்சி வரை. திரும்பி வரும் துணையும் அந்தந்த வரிசையிலேயே இருப்பார். முதல் வரிசையில் முதல் பெயர் முன்வரிசையில் இருக்கும் நம் நண்பருடையது. காலை இட்லி சாப்பிட்டுவிட்டு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது வரிசையில் முதல் பெயர் அந்தப் பெண்ணுடையது. போன வருடம் அவள் உச்சியைப் பார்க்கவில்லை.

படிவங்கள் வாட்ச்மேன் அறையில் இருக்கின்றன. எந்த வரிசை என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். உங்களுக்காக வீட்டில் வேறு யாரும் குறிக்க வேண்டாம். சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், காபி வரும் வரை இங்கேதான் இருப்பேன்.