பத்து மரம், நூற்று முப்பத்தைந்து ரூபாய்

(நம் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் ஆற்றிய உரை)



மேஜைப் போர் விளையாட்டு ஆடும் நம் பிள்ளைகளை இந்தக் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டரை செ.மீ. உயரச் சிப்பாய்கள், பகடை, அளவு நாடா. எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே இதற்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். ஆகவே, இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு மட்டும் என்று எண்ண வேண்டாம்.

இதில் மரம் எதற்கு? 1815 ஜூன் 18, வாட்டர்லூ. ஹூகோமான்ட் பண்ணைக்குத் தெற்கே ஒரு சிறு காடு. பிரெஞ்சுப் படை அதைப் போராடிப் பிடித்தது. மரங்களைத் தாண்டி வெளியே வந்தால் எதிரே தோட்டத்துச் சுவர், அதன் பின்னால் துப்பாக்கிகள். மரம் இல்லாத மேஜையில் அந்தப் போரை ஆடவே முடியாது. பார்வையை மறைப்பதும், நடையைத் தாமதப்படுத்துவதும் மரம்தான்.

கடையில் வாங்கும் மரம் விலை அதிகம். வாங்க முடிந்த பிள்ளை ஆடுகிறது, மற்றது ஓரமாக நின்று பார்க்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு. கட்டுக்கம்பி கால் கிலோ 25, ஃபெவிகால் 50, போஸ்டர் கலர் மூன்று குப்பி 60. மொத்தம் 135 ரூபாய், பத்து மரம். ஒன்றுக்குப் பதின்மூன்றரை ரூபாய். மீதி எல்லாம் வீட்டில் கிடப்பவை.

செய்முறை இதுதான். மெல்லிய கட்டுக்கம்பியை 20 செ.மீ. நீளத்தில் 12 துண்டுகளாக நறுக்குங்கள். சேர்த்துப் பிடித்து, அடியில் 3 செ.மீ. விட்டு, அதற்கு மேல் 5 செ.மீ. முறுக்கினால் அடிமரம். மேலே உள்ளதை நான்கு நான்காகப் பிரித்து முறுக்குங்கள், பிறகு இரண்டிரண்டாக, கடைசியில் ஒற்றையாக. கிளைகள் வந்துவிடும். அடியில் விட்டதை விரித்தால் வேர். ஒவ்வொரு கம்பி நுனியையும் வளையமாக மடக்கிவிடுங்கள். பிள்ளைகள் மேஜைமேல் குனிந்து ஆடுபவர்கள். கண் முக்கியம்.

ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்துக் கம்பிமேல் பூசி ஓர் இரவு காயவிடுங்கள். பழுப்போடு கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்து அடியுங்கள். வெறும் பழுப்பு சாக்லேட் போல இருக்கும்.

இலைக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்ச். கத்தரியால் மிளகு அளவுக்கு நறுக்குங்கள். சமையல் மிக்ஸியைத் தொடாதீர்கள். கரும்பச்சை, இளம்பச்சை என இரண்டு பங்காகச் சாயம் ஏற்றி, பிழிந்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். பிழிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள். ஸ்பாஞ்ச் தூள் சிங்க்கில் போனால், அடைப்பும் நமக்கு, செலவும் நமக்கு. பிறகு கிளைகளில் ஃபெவிகால் தடவித் தூளில் புரட்டுங்கள். உச்சியில் இளம்பச்சை, அடியில் கரும்பச்சை. காய்ந்ததும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே லேசாகத் தெளித்தால் உதிராது.

வேரைப் பெரிய வாஷர் ஒன்றில் எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். கனம் இருப்பதால் சாயாது. ஒரு பழைய சிடியில் பச்சைத்தாள் ஒட்டி, அதன்மேல் இரண்டு மூன்று மரங்களை வெறுமனே நிறுத்துங்கள், ஒட்டாதீர்கள். படை காட்டுக்குள் நுழையும்போது மரங்களை எடுத்துவிட்டுச் சிப்பாய்களை வைக்கலாம். சிடியின் விளிம்பு காட்டின் எல்லையாக நிற்கும். 'உள்ளே இருக்கிறேன், இல்லை' என்ற சண்டையும் வராது.

72-இல் ஒரு பங்கு அளவில் 12 மீட்டர் மரம் ஏறக்குறைய 17 செ.மீ. வரும். நம்முடையது 14 அல்லது 15 தான். அதுவே வசதி, கை உள்ளே போய்வர வேண்டுமே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிழிந்த மெத்தை, கீறல் விழுந்த சிடி இருந்தால் காவலர் அறையில் கொடுங்கள். செய்யும் மரங்கள் கூடத்து அலமாரியில் இருக்கும். எந்த மரத்திலும் யார் பெயரும் எழுத வேண்டாம். ஆட வரும் எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளலாம்.