காலண்டர் சாமிக்குக் கையெழுத்து உண்டு

மலையையே சாமியாகக் கும்பிடுகிற அடி அண்ணாமலையில் நின்றுகொண்டு கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். துணிச்சல்தான்! ஆனால் இது வேறு கல், பவேரியாவின் சுண்ணாம்புக்கல்.

1796 வாக்கில் செனஃபெல்டர் என்பவர் அங்கே ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார். வழவழப்பாகத் தேய்த்த கல்லின் மேல் பிசுக்குள்ள மையால் வரைய வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் ஈரம் மையை ஒதுக்கிவிடும், வரைந்த கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். வண்ணப்படம் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல். பாரிஸில் ஓவியர் தெலக்ருவா 1828-ல் ஃபவுஸ்ட் கதைக்குக் கல்லில் வரைந்துதான் படம் போட்டார். கேலிச்சித்திரக்காரர் தோமியே அரசரைக் கேலி செய்து கல்லில் வரைந்தார், ஜெயிலுக்கும் போனார்.

நம் நாட்டில் ஓவியர் ரவிவர்மா 1894-ல் பம்பாயில் இதே கல்லச்சுக்கு ஓர் அச்சகம் வைத்தார். அவருக்கு நஷ்டம், நமக்கு லாபம். அரண்மனையில் இருந்த லட்சுமி நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

இனி நம்மவர். 1898-ல் பிறந்த கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், இதே மலையடிவாரத்தில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேடைத் திரைச்சீலை தீட்டினார். கடைசியில் கோவில்பட்டியில் குடியேறி, சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்தார். அந்தக் காலண்டர்கள் அச்சான ஆஃப்செட் முறையில் கல்லுக்குப் பதில் உலோகத் தகடு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத அதே சூத்திரம்தான்.

“காலண்டர் படம்தானே” என்று படித்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் ஒப்பமாட்டேன். ரவிவர்மாவின் தமயந்தி அன்னத்தைப் பார்க்கிறாள், நம்மைப் பார்ப்பதில்லை. கொண்டையராஜுவின் சாமிகளோ பின்னால் நாடகத் திரை தொங்குவதுபோல நின்று நேருக்கு நேர் நம்மைப் பார்க்கின்றன. பார்க்காத சாமியை யார் கும்பிடுவார்கள்? கர்ப்பக்கிருகத்தையும் நாடக மேடையையும் ஒரே தாளில் சேர்த்த கை அது.

தேதி கிழிந்து முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டுவோமே, அதன் கீழ் மூலையைப் பாருங்கள். சிலவற்றில் கொண்டையராஜுவின் பெயரோடு சீடர் பெயரும் இருக்கும். குங்குமம் மறைத்திருந்தால் மெல்லத் துடையுங்கள். வெள்ளையடிக்கும்போது பரணில் எறியாமல் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் என் பேச்சைக் குறைத்துக்கொண்டு அந்தப் படங்களை இங்கே மாட்டுவோம்.