சத்தை வடித்துக் கொட்டச் சொல்பவர்

மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர் இளநீர் வாங்கிப் போவது நம் ஊர் வழக்கம். அதைக் கண்டு பதறுகிற ஒருவர் வார்டில் உண்டு: டயட்டீஷியன். சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரிலோ பொட்டாசியம் ஏராளம்.

டயாலிசிஸ் வார்டு ஒன்றில், மகனுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் கொண்டு வந்திருந்தார் ஒரு தாய். 'கூடாது' என்று சொல்லிவிட்டு நகரவில்லை டயட்டீஷியன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காயைப் பொடியா நறுக்கி, நிறையத் தண்ணி விட்டு வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்கம்மா. ரசத்துல சேர்த்துடாதீங்க."

"சத்தெல்லாம் போயிடுமேம்மா?"

"அதுல கொஞ்சம் போகணும்மா. உங்க பையனுக்கு இப்ப அதுதான் நல்லது."

கவனியுங்கள் நேயர்களே, காலமெல்லாம் சத்தைச் சேர்த்தே சமைத்த கை அது. அந்தப் பழக்கத்தை மாற்றப் பொறுமையாகப் பேச வேண்டும். அதற்குத்தான் பல மருத்துவமனைகளில் நேரமில்லை.

காலையில் புதிதாகச் சேர்ந்தவர்களின் கிரியாட்டினின், சர்க்கரை அளவுகளைப் பார்த்து உணவு எழுத வேண்டும். மூக்குக் குழாய் வழியே ஊட்டப்படுபவருக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொரு முறை என்று கணக்கிட வேண்டும். உப்பில்லாத தட்டு சரியான கட்டிலுக்குத்தான் போகிறதா என்று தள்ளுவண்டியோடு நடக்க வேண்டும். பிறகு புறநோயாளிகள், பதிவேடுகள். பல வார்டுகளுக்கு ஒரே ஆள் என்றால், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் இத்தனையும் நின்றுபோகும். சில இடங்களில் குழம்பு ஆறிப்போன புகாரும் அவர் தலையில்தான் விழுகிறது.

இத்தனைக்கும் இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில்தான் தொடங்கியது. இந்திய உணவியல் சங்கம் பிறந்தது 1963-இல். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் வந்த மத்தியச் சட்டம் டயட்டீஷியன்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த அங்கீகாரம் கூடுதல் பணியிடங்களாகவும் மருத்துவரின் ரவுண்ட்ஸில் ஓர் இடமாகவும் மாற வேண்டும்.

நேரம் முடிகிறது. உங்கள் வீட்டில் யாரையாவது மருத்துவமனையில் சேர்த்தால், டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இளநீரை வெட்டுவதற்கு முன் டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.