இலங்கைச் சரக்கும் இந்தியச் சந்தையும்

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இலங்கை 2 கோடிச் சொச்சம் மக்கள் வாழும் நாடு. பக்கத்தில் 140 கோடி மக்களைக் கொண்ட நம் நாடு. அந்தச் சின்ன நாடு இந்தப் பெரிய சந்தையில் தன் சரக்கை விற்கப் படுகிற பாடு, வாழைத் தோட்டத்துக் கூலிக்கும் ஆலையில் தறி ஓட்டுகிறவருக்கும் எதற்கு என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் உண்டு. அதுவும் பழைய சம்பந்தம். இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-ல் ஆள் சேர்க்க ஒரு கமிஷன் வைத்தார்களே, அதன் தலைமை அலுவலகம் நமது திருச்சியில்தான் இருந்தது! கங்காணி முன்பணம் கொடுத்தான். நம் ஜில்லாவின் ஏழை ஜனங்கள் கடல் கடந்து போய்த் தேயிலை பறித்தார்கள். 1964-ல் இரண்டு சர்க்கார்களும் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. தொழிலாளியை யாரும் கேட்கவில்லை.

இனி வியாபாரத்துக்கு வருவோம். 1998 டிசம்பரில் வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. பெயர்தான் சுதந்திரம்! தேயிலைக்கு வரிச் சலுகை உண்டு, ஆனால் ஆண்டுக்கு 1½ கோடி கிலோவுக்கு மேல் கூடாது. வருவதும் கொச்சி, கல்கத்தா துறைமுகங்கள் வழியாகத்தான். எதிரே தூத்துக்குடி இருக்க, கல்கத்தாவுக்கா போவது? ஆயத்த உடை 80 லட்சம் உருப்படி வரலாம், அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். பின்னால் இவற்றைத் தளர்த்தினார்கள். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் இலங்கைத் தேயிலை வெள்ளமாக வந்து தங்களை மூழ்கடிக்கும் என்று பயந்தார்கள். வெள்ளம் வரவில்லை. அனுமதித்த அளவில் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது.

அப்படியானால் ஏற்றுமதி பெருகவில்லையா? பெருகியது! 2000-ல் 5, 6 கோடி டாலராக இருந்தது 2005-ல் 55 கோடி டாலரைத் தாண்டிற்று. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள், தோழர்களே! ஏறக்குறைய பாதி வனஸ்பதியும் செம்பும். இலங்கையில் செம்புச் சுரங்கம் ஏது? பழைய செம்பை வெளியிலிருந்து வாங்கி உருக்கி அனுப்பினார்கள். பாமாயில் மலேசியாவிலும் இந்தோனேஷியாவிலும் இருந்து வந்தது. இந்தியாவில் பாமாயிலுக்குப் பெரிய வரி. இலங்கையில் வனஸ்பதியாக்கிக் கொண்டுவந்தால் வரி இல்லை. இந்த வித்தியாசத்தைத் தின்னத்தான் அங்கே ஆலைகள் முளைத்தன. அவற்றை நடத்தியவர்களில் நம் நாட்டு முதலாளிகளும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்குள்ள வனஸ்பதி முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். இந்திய சர்க்கார் ஆண்டுக்கு 2½ லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. 2008-ல் கச்சாப் பாமாயில் வரியையே நீக்கியது. அவ்வளவுதான், லாபம் போயிற்று, ஆலைகள் மூடப்பட்டன. முதலாளி வேறு வியாபாரம் பார்க்கப் போனான். வேலை இழந்த சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் எங்கே போவார்கள்?

மிளகும் இதே கதைதான். வியட்நாம் மிளகை இலங்கைச் சரக்கென்று காகிதம் காட்டி வியாபாரிகள் உள்ளே விட, கேரளத்திலும் குடகிலும் விலை விழுந்தது. 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாதென்று இந்தியா உத்தரவு போட்டது. தந்திரம் செய்தவன் தரகன். அடி விழுந்ததோ, மாத்தளையில் உண்மையாகவே மிளகுக் கொடி வளர்க்கும் ஏழைக் குடியானவன் மீதும்.

ஆகவே இலங்கைச் சரக்கு வருகிறது என்று யாராவது பூச்சாண்டி காட்டினால், யாருடைய சரக்கு, யார் உழைத்தது, லாபம் யாருக்கு என்று கேளுங்கள். தேயிலை அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது. அதைப் பறிக்கும் நமது உறவுக்காரப் பெண்களுக்கோ நாளொன்றுக்கு 1,000 ரூபாய், அதுவும் இலங்கை ரூபாய், கிடைப்பதற்கு 2021 வரை பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது!

2016 முதல் இன்னும் விரிவான ஒப்பந்தம் ஒன்றுக்குப் பேச்சு நடக்கிறது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டில்லி வந்தபோது அதைத் தொடர்வதென்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நாம் கோருவது இதுதான்: ஷரத்துக்களைக் கையெழுத்துக்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். நீலகிரி விவசாயியின் பிரதிநிதியையும் நுவரெலியாத் தோட்டத் தொழிலாளியின் சங்கத்தையும் அழைத்துக் கேட்க வேண்டும். ஏற்றுமதிச் சலுகை பெறும் தோட்டமும் ஆலையும் என்ன கூலி கொடுக்கின்றன என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.