கவலைப்பட்டால் இளைக்கத்தானே வேண்டும்?

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்புச் செலவு பற்றிப் பேசியபோது வந்த கூட்டத்தில் பாதிதான் இன்று வந்திருக்கிறது. பரவாயில்லை, வந்தவர்களுக்கு நன்றி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்து, 2018-இல் ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் நடந்ததையும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததையும் சொல்லப் போகிறேன். என் மனைவி முன் வரிசையில்தான் இருக்கிறாள். எடையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். வயதைச் சொல்லக் கூடாதாம்.

2019 டிசம்பரில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. ஒரு வருடத்தில் ஞாபகமும் தடுமாற ஆரம்பித்தது. நாலரை வருடம் படுக்கை. அப்போது என் மனைவியின் எடை 61 கிலோ. மூன்று வருடத்தில் 70 ஆனது. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா பூசினாப்ல இருக்கீங்க, வீட்ல ஒரு கவலையும் இல்லபோல" என்றார். அவள் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை அவள். கவலைப்பட்டால் இளைக்கத்தானே வேண்டும் என்பதுதான் நம் ஊர்க் கணக்கு. குண்டாக இருப்பவருக்குக் கவலை இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை.

டாக்டரிடம் போனோம். தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். சோறைக் குறையுங்கள், தினம் அரை மணி நேரம் நடங்கள் என்றார் டாக்டர். தப்பான யோசனை இல்லை. நான் உடனே என் பழைய வேலையை ஆரம்பித்தேன். ஒரு நீள நோட்டு வாங்கி, அவள் சாப்பிடுவதை இரண்டு வாரம் எழுதினேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. வீட்டு வேலை பூராவும் அவள்தான். வரவு குறைவு, செலவு அதிகம், ஆனாலும் இருப்பு ஏறுகிறது. கணக்கு டேலி ஆகவில்லை. வங்கியில் இப்படி வந்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு, விட்டுப்போன என்ட்ரியைத் தேடுவோம். நான் தேடவில்லை. "நீ எனக்குத் தெரியாம ஏதோ சாப்பிடுற" என்று சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தை எனக்கு உறுத்துகிறது.

விட்டுப்போன என்ட்ரியைக் கண்டுபிடித்தது, அம்மாவுக்குப் புண் கட்ட வந்துகொண்டிருந்த நர்ஸ். சின்னப் பெண். கட்டுப் போட்டுக்கொண்டே என் மனைவியிடம், "அம்மா, நீங்க கடைசியா ராத்திரி பூரா தூங்கினது எப்போ?" என்று கேட்டாள். இவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அத்தை விழுந்தாங்களே, அதுக்கு முந்தின ராத்திரி" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருடம். மருந்து வாங்குவது, டாக்டரைக் கூட்டி வருவது, பென்ஷன் வேலை எல்லாம் நான் பார்த்தேன். ராத்திரி மட்டும் அவளுடையது. எனக்கு பிபி இருக்கிறது என்று அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். அம்மாவை இரண்டு மணிக்கு ஒரு தரம், நாலரைக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும். அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் வராது. அடுப்படியில் நின்றபடியே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ, நாலு மேரி பிஸ்கட், இல்லையென்றால் ஒரு கை மிக்ஸர். ஒளித்துச் சாப்பிடவில்லை. நான் முழித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நம் இரண்டு சிறுநீரகத்துக்கும் மேலே தொப்பி மாதிரி ஒவ்வொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதில் சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று கார்டிசால். மாடு முட்ட வந்தால் ஓட வேண்டாமா, அதற்காக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிக் கொடுக்கும். சாதாரணமாக விடிகாலையில் கூடி, நடுராத்திரி வாக்கில் மிகவும் குறைந்திருக்கும். ஆபத்து வந்த அந்த நிமிடத்தில் பசியே இருக்காது. எனக்கு அனுபவம் உண்டு. சாயங்காலம் கேஷ் எண்ணும்போது 500 ரூபாய் குறைந்தால் தண்ணீர்கூட இறங்காது, ஏனென்றால் கைக்காசைப் போட வேண்டும். எங்கேயோ இரண்டு கட்டுக்கு நடுவில் அந்த நோட்டு கிடைத்துவிடும். அப்புறம் டீக்கடைக்குப் போய் நாலு பஜ்ஜி உள்ளே போகும். போன பசி வட்டியோடு திரும்பி வரும்.

மாடு போய்விட்டால் கார்டிசாலும் இறங்கிவிடும். சில வீடுகளில் மாடு போவதே இல்லை. மூன்று வருடம் வாசலிலேயே நிற்கிறது. அப்போது கார்டிசாலின் ஏற்ற இறக்கம் குழம்பிப் போகிறது. ஓடாத காலுக்காக ஏற்றிய சர்க்கரையைச் சமாளிக்க இன்சுலின் வருகிறது. இன்சுலின் கூடவே இருந்தால் கொழுப்பு கரையாது, சேரும். அதுவும் வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றியுள்ள கொழுப்பில் கார்டிசாலுக்குக் காது அதிகம். அதனால்தான் கை கால் அப்படியே இருக்க, இடுப்பு மட்டும் பெருக்கிறது.

இனிப்பு ஏன் கேட்கிறது? கலிபோர்னியாவில் மேரி டால்மன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்துப் பார்த்து 2003-இல் ஒரு கட்டுரை எழுதினார். தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் எலிகள் கொழுப்பையும் சர்க்கரையையும் தேடித் தின்கின்றன. தின்றபின் அவற்றின் அழுத்த ஹார்மோன்கள் கொஞ்சம் அடங்குகின்றன. ஆக அந்த ராத்திரி இரண்டு மணி டீயும் பிஸ்கட்டும் நாக்கு ருசி மட்டும் இல்லை. உடம்பு தானாகக் கண்டுபிடித்த மருந்து. பக்கவிளைவு இடுப்பில்.

தூக்கம் தனிக் கணக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. இளைஞர்களுக்கு இரண்டு ராத்திரியில் இது. இவளுக்கு ஆயிரம் ராத்திரி.

எல்லாருக்கும் எடை ஏறுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். லண்டனில் அரசாங்க ஊழியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு 1985-இல் ஆரம்பித்தது. ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். 20 இலாகாக்களில் 10,308 பேர். உயரதிகாரி முதல் கிளார்க் வரை. நான் கிளார்க் என்பதால் ஆசையாகப் படித்தேன். அதில் வேலை அழுத்தம் வந்தபோது, ஏற்கெனவே ஒல்லியாக இருந்த ஆண்கள் இளைத்தார்கள், பருமனாக இருந்த ஆண்கள் இன்னும் பருத்தார்கள். நம் ஊர்க் கணக்கு பாதி சரி என்று வைத்துக்கொள்ளலாம். 19 வருடம் தொடர்ந்து பார்த்ததில், திரும்பத் திரும்ப அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு மொத்தப் பருமனும் வயிற்றுப் பருமனும் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. எத்தனை தடவை அழுத்தமோ, அதற்குத் தகுந்தபடி ஏறியது.

அங்கே அழுத்தம் என்பதை எப்படி அளந்தார்கள் தெரியுமா? வேலை அதிகமா என்று மட்டும் கேட்கவில்லை. அந்த வேலையை எப்படி, எப்போது செய்வது என்று முடிவு பண்ணும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா? கூட நின்று கை கொடுக்க ஆள் இருக்கிறதா? வேலை அதிகம், உரிமை இல்லை, ஆள் இல்லை என்று மூன்றும் சேர்ந்தால்தான் அழுத்தம் என்று குறித்தார்கள். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அவள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்றும் பொருந்தியது. முதல் இரண்டை என்னால் மாற்ற முடியாது. மூன்றாவது நான்தான்.

ராத்திரி ட்யூட்டியை நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஒரு நாள், இரண்டரை மணிக்கு அடுப்படியில் நின்று பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கை தானாகப் போனது. இரண்டு மாதத்தில் எனக்கு மூன்று கிலோ ஏறியது. இரண்டு வாரம் நோட்டுப் போட்டு அவளிடம் கணக்குக் கேட்டவன் நான்.

பிறகு தங்கையிடம் பேசினேன். கேட்டால் வருவாள் என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் வந்து இருந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரிக்கு ஆள் போட்டோம். செலவு கடித்தது, ஒரு டெபாசிட்டை உடைத்தேன். என் மனைவி பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தாள். நாலைந்து வாரத்தில் டீயில் சர்க்கரை ஒரு ஸ்பூன் ஆனது, நான் எதுவும் சொல்லாமலே. பிறகுதான் நடைப்பயிற்சி. முன்பு டாக்டர் சொன்னபோது நடக்க அவளுக்குக் காலும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு வருடத்தில் 70 என்பது 66 ஆனது. போன வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். இப்போது 65-இல் நிற்கிறது. சர்க்கரை சராசரி 5.8. மந்திரம் எதுவும் நடக்கவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல். நம் நாட்டவருக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 தாண்டக் கூடாது. தாண்டினால் கவலைதான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம், தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முகமும் வயிறும் உப்பும், அதுவும் கார்டிசால் வகைதான். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. டாக்டரைக் கேளுங்கள். போனில் கார்டிசாலைக் குறைக்கும் பொடி என்று விளம்பரம் வருகிறது. போன வாரம் சி பிளாக் நண்பர் ஒருவர் 1,800 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். அந்தப் பணத்துக்கு இரண்டு ராத்திரி ஆள் போட்டிருக்கலாம்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. நம் மூன்று பிளாக்கிலும் படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் எனக்குத் தெரிந்தே ஆறு. அந்த ஆறு வீட்டிலிருந்தும் இன்று இங்கே ஒருவர்கூட வரவில்லை. வர முடியாது. வருகிற புதன்கிழமையிலிருந்து, மதியம் இரண்டு மணி முதல் நாலரை வரை, நானும் இன்னும் மூன்று பேரும் அந்த வீடுகளில் முறை போட்டு உட்காரப் போகிறோம். பேப்பர் படித்துக் காட்டுவோம், தண்ணீர் கொடுப்போம். டயப்பர் மாற்றவும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், சும்மா மொட்டை மாடியில் நிற்கலாம். நாலு பேர் போதாது. செக்யூரிட்டி மேஜையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். அதே நோட்டுதான், எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். வரக்கூடியவர்கள் முன்பக்கம் பெயர் எழுதுங்கள். ஆள் வேண்டும் என்பவர்கள் பின்பக்கம் ஃபிளாட் நம்பர் மட்டும் எழுதினால் போதும்.

டீ வந்துவிட்டது. சர்க்கரை தனியாக இருக்கிறது.