நம்ம பேச்சுக்கு நாமளே வெட்கப்படலாமா?

(கோவில்பட்டியில் மாணவர்கள் எடுத்த கி.ரா. விழாவில் நமது மாவட்டச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படித்துப் பகிருங்கள் தோழர்களே!)

 

காலையில் நான் உள்ளே நுழையும்போதே ஒரு தங்கச்சி வழியை மறிச்சிட்டா. பக்கத்து மேசையில் அட்டை அட்டையா சொல் எழுதி வச்சிருக்கு. சம்சாரி, வெஞ்சனம், கருக்கல், படப்பு, களைசுரண்டி, பைய. "அண்ணே, படப்புன்னா என்னன்னு சொல்லுங்க, அப்பத்தான் உள்ள விடுவேன்"னு சொல்லுது. வைக்கோல் போர்னு சொன்னேன். "சோளத்தட்டைய அடுக்குனா?"ன்னு மறு கேள்வி. அதுக்கும் படப்புதாம்மான்னு சொன்ன பிறகுதான் வழி விட்டுச்சு. இருபது வருசமா மேடை ஏறுறேன், இப்படி ஒரு நுழைவுத் தேர்வு எழுதினதில்லை!

சிரிக்கிறீங்க. ஆனா இதே படப்புக்காக நான் தலைகுனிஞ்ச நாளும் உண்டு. ஊரை விட்டு வெளியூர்க் கல்லூரிக்குப் படிக்கப் போன முதல் மாசம். வகுப்பில் எழுந்து ஏதோ சொல்லும்போது இந்தச் சொல் வந்துருச்சு. வகுப்பே சிரிச்சது. பாடம் எடுத்தவரும் சேர்ந்து சிரிச்சார். அன்னையிலிருந்து மூணு வருசம் நான் பேச்சைக் குறைச்சிக்கிட்டேன். பேசினா வாய் காட்டிக் கொடுத்துருமேன்னு பயம். ஊருக்கு வந்தா எங்க அம்மாகிட்டயே புத்தகத் தமிழ் பேசினேன். அந்த அம்மா, "என்னய்யா, ஒடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டுச்சு.

பிறகுதான் கி.ரா. கைக்குக் கிடைச்சார். அச்சடிச்ச புத்தகத்தில் எங்க அம்மா பேசுற பேச்சு! 1982லேயே கரிசல் வட்டார வழக்குச் சொல் அகராதின்னு ஒண்ணு அந்த மனுசர் கொண்டு வந்துட்டார். நான் ஒளிச்சு வச்ச சொல்லையெல்லாம் அவர் அகர வரிசையில் அடுக்கி வச்சிருந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத இடைசெவல் சம்சாரி. முதல் கதை "மாயமான்" 1958ல் "சரஸ்வதி" பத்திரிகையில் வந்தப்போ வயசு முப்பதைத் தாண்டியாச்சு. விவசாயிகள் போராட்டத்தில் நின்னு சிறைக்கும் போனவர். அவரைப் பின்னாடி புதுச்சேரி பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வச்சுது. நாட்டுப்புறக் கதை சேகரிக்கச் சொல்லிக் கொடுக்க அவரை விட்டா ஆள் ஏது?

அவரோட "கதவு" கதையைப் படிக்காதவங்க இன்னிக்கு ராத்திரியே படிங்க. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவுதான் பஸ். ஏறி நின்னு ஆட்டி, டிக்கெட் கொடுத்து விளையாடுதுக. தீர்வை கட்டலைன்னு ஒருநாள் அந்தக் கதவைக் கழட்டித் தூக்கிட்டுப் போயிடுறாங்க. அதுக்குப் பிறகு வாடைக்காத்து நேரே வீட்டுக்குள்ளே வருது. மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன்.

தோழர்களே, அது பழைய கதைன்னு ஒதுக்க முடியுமா? 2023 டிசம்பர் மழையில் நம்ம தூத்துக்குடி மாவட்டம் மிதந்துச்சே, அப்போ உளுந்தும் பாசியும் அழுகின காட்டில் நின்ன சம்சாரி முகத்தை நான் பார்த்தேன். மானாவாரி நிலம் இது. மழை பிந்தினாலும் போச்சு, அறுப்பு நேரத்தில் முந்திக்கிட்டாலும் போச்சு. தப்பிச்சதைக் காட்டுப்பன்னி தோண்டிரும். பயிர்க் காப்பீட்டுக்குத் தாளைத் தூக்கிக்கிட்டு அலையுற உங்க அப்பாக்களுக்கு இந்தக் கதையை வாசிச்சுக் காட்டுங்க. அவங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இப்போ கொஞ்சம் கசப்பான விசயத்துக்கு வாரேன். வட்டாரப் பெருமைன்னு இங்கே எல்லாரும் பேசினாங்க. நல்லது. இந்தப் பெருமை எங்கே போய் முடியுதுங்கிறதுதான் எனக்குக் கவலை. கி.ரா. வீட்டு மொழி தெலுங்கு. "கோபல்ல கிராமம்" 1976ல் வந்த நாவல். தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த சனங்க இந்தக் கரிசக்காட்டைத் திருத்தி ஊராக்கின கதை. அதன் தொடர்ச்சியான "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்குத்தான் 1991ல் சாகித்திய அகாதமி விருது. வந்தேறின்னு இன்னிக்கு லேசா வாயில் வருதே ஒரு சொல், அந்தச் சொல்லை வச்சிருந்தா இந்த மண்ணின் அகராதியைத் தொகுத்தவரே நமக்கு இல்லை!

அப்புறம் அந்தக் கயிறு. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டுறாங்களே, நிறம் நிறமா. நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள்ளே அரிவாள் புகுந்தது 2023 ஆகஸ்டில். அதுக்குப் பிறகு நீதியரசர் சந்துரு குழு அறிக்கையே கொடுத்தாச்சு, கயிறு கூடாதுன்னு. நானும் படிக்கிற காலத்தில் ஒரு கயிறு கட்டினவன்தான். எந்த நிறம்னு சொல்ல மாட்டேன், சொன்னா இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் உடனே கணக்குப் போட்டுருவீங்க. அந்தக் கணக்கு நம்ம எல்லார் மண்டைக்குள்ளேயும் ஓடுது. என் மண்டைக்குள்ளேயும்தான்.

இன்னொண்ணும் மறைக்காமல் சொல்றேன். கி.ரா. பார்த்தது ஒரு சம்சாரி வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிஞ்ச கரிசல். அந்தத் திண்ணையில் உட்கார முடியாத சனங்களும் இதே ஊர்களில்தான் இருந்தாங்க. அவங்க கரிசலைத் தெரிஞ்சுக்க நீங்க பூமணியைப் படிக்கணும், சோ. தர்மனைப் படிக்கணும். "அஞ்ஞாடி"க்கு 2014ல் அகாதமி விருது, "சூல்" நாவலுக்கு 2019ல். கி.ரா.வின் கூட்டாளி, அதே இடைசெவல் கு. அழகிரிசாமிக்கு 1970ல் அவர் கண்மூடின பிறகு கிடைச்சது. கோவில்பட்டியைச் சுத்தி நாலு விருது! கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர்னு மட்டும் சொல்லிக்கிட்டிருக்கோம். அதையும் சொல்லுவோம், இதையும் சேர்த்துச் சொல்லுவோம்.

2021 மே மாசம் கி.ரா.வை இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம் செஞ்சாங்க. இங்கே கோவில்பட்டியில் நினைவரங்கமும் எழும்பியாச்சு. ஆனா கட்டடம் சொல் சேகரிக்காது. அதை நீங்கதான் செய்யணும். வாசலில் இருக்கிற அட்டைகளைக் குப்பையில் போட்டுறாதீங்க. வர்ற லீவுக்கு ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கிட்டு உங்க ஊர்க் கிழவிகள்கிட்ட போய் உட்காருங்க. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, எல்லாத் தெருவுக்கும் போங்க. உங்க தெருவுக்கு மட்டும் போய்ட்டு வந்தா அந்த நோட்டை நான் வாங்க மாட்டேன்.

சேகரிச்சதைப் புத்தகமாப் போட ஆகிற அச்சுச் செலவை மாவட்ட அமைப்பு ஏத்துக்கும். பொருளாளர் முறைக்கிறார், பரவாயில்லை! புத்தகத்தின் மேல் கட்சிக் கொடி வேண்டாம், என் படம் வேண்டவே வேண்டாம். சொல் கொடுத்த பாட்டி, தாத்தா பேரைப் போடுங்க, போதும்.

அந்தப் படப்புத் தங்கச்சி எங்கே இருக்கம்மா? முதல் நோட்டு உனக்குத்தான், மேடைக்கு வா.



#கிரா #கரிசல் #கோவில்பட்டி