வழவழப்பு வேறு, சமம் வேறு

தண்ணீர் இறைக்கும் பம்பு செட் ஒன்று ஓடும்போது அதிர்கிறது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் காய்கறி விவசாயி அதைக் கழற்றி, வீட்டுக் கொட்டகையில் லேத் போட்டிருக்கும் பட்டறைக்காரரிடம் கொண்டுவருகிறார். அடிப்பாகத்தில் நான்கு கால்கள். எந்தக் கால் தூக்கலாக இருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது? சிமென்ட் தரையில் வைத்தாலும் ஆடும், மர மேஜையில் வைத்தாலும் ஆடும். ஆட்டம் பம்பில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்று சொல்ல, சந்தேகத்துக்கு இடமில்லாத சமதளம் ஒன்று வேண்டும். பட்டறைகளில் அதற்குப் பெயர் சர்ஃபேஸ் பிளேட்.

இந்த ஊருக்கு நுணுக்க வேலை புதிதல்ல. பக்கத்துத் திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு செய்கிறவர்கள் அரத்தாலும் கண்ணாலுமே சாவியைப் பொருத்தியவர்கள். 2019இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஒன்றுபோல நூறு பாகம் வேண்டும் என்று வரும்போது, கண்ணுக்குத் துணையாக ஓர் அளவுத்தளம் தேவைப்படுகிறது.

முன்பெல்லாம் அது வார்ப்பிரும்பில்தான் இருந்தது. உண்மையான சமதளத்தை எப்படி உண்டாக்குவது என்பதை இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1840இல் ஒரு கட்டுரையாகவே வாசித்தார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துச் சீவினால் ஒன்று குழிந்தும் மற்றது அதற்கேற்பப் புடைத்தும் பொருந்திக்கொள்ளலாம். பார்வைக்கு இரண்டும் சரியாக இருக்கும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒத்துப்பார்த்தால் அந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றுமே சமமாக இருந்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் எவ்வளவு அழகான வழி!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில், ஓஹையோவின் டேட்டன் நகரில், கல்லறைக் கல் வேலையும் உலோக வேலையும் சேர்த்துச் செய்துவந்த வாலஸ் ஹெர்மன் கிரானைட்டில் பிளேட் செய்தார். கல் துருப்பிடிக்காது. இரும்பின் மேல் சுத்தியல் விழுந்தால் அடிபட்ட இடத்தைச் சுற்றி விளிம்பு மேலெழும்பி அளவைக் கெடுக்கும். கல்லில் சில்லு தெறித்துச் சிறு பள்ளம் விழும், சுற்றியிருக்கும் தளம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சூட்டில் விரிவதும் இரும்பைவிடக் குறைவு.

கருங்கல் நம் மண்ணில் கிடைப்பதுதான். கிருஷ்ணகிரிப் பக்கமும், விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலும் வெட்டியெடுக்கும் கல் கடல் தாண்டிப் போகிறது. அப்படியானால் கடையில் மிஞ்சிய சமையல் மேடைக் கல் ஒன்றை வாங்கிப் போட்டால் போதாதா? மலிவாக முடிக்க நினைக்கும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்.

போதாது. முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கும் கல்லும் அலை அலையாக இருக்கலாம். பாலிஷ் மேடு பள்ளங்களின் மேலேயே ஏறி இறங்கி வழவழப்பாக்கும். மேட்டைத் தேடிப் பிடித்துக் குறைக்காது. தடிமன் இன்னொரு சிக்கல். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு மீட்டர் கல்லை இரு முனைகளில் மட்டும் தாங்கி வைத்தால், தன் எடையாலேயே நடுவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தொய்யும். தடிமனை இரட்டித்தால் தொய்வு நான்கில் ஒன்றாகக் குறையும். பிளேட்டுகள் கனமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்தியத் தரவரையறை ஐ.எஸ். 7327 கிரானைட் பிளேட்டுகளுக்கென்றே உள்ளது. ஜெர்மானியத் தரவரையறை டின் 876இன்படி 400 மில்லிமீட்டர் பிளேட்டில் கிரேடு 0 என்றால் 5.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிரேடு 1 என்றால் 14 மைக்ரான் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம். தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். வீட்டுப் பட்டறைக்கு கிரேடு 1 தாராளம். வாங்குகிறவர் காசு கொடுப்பது கல்லுக்கல்ல, கையால் தேய்த்துத் தேய்த்து அளந்த உழைப்புக்கு. அதனால் தரத்தில் ஒரு படி இறங்கினாலே விலையும் இறங்கும்.

அளவிலும் ஆசைப்பட வேண்டாம். 450-க்கு 300, தடிமன் 75 மில்லிமீட்டர் என்றால் சுமார் 30 கிலோ, இருவர் தூக்கிவிடலாம். மீட்டருக்கு மீட்டர், 150 தடிமன் என்றால் 450 கிலோ. வண்டி வாடகையும் தூக்குக் கூலியும் தனி.

பழைய பிளேட் தேடுகிறவருக்கு ரெட்டியார்சத்திரம் வழியாகப் போகும் சாலைதான் துணை. பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி அது கோவையில் போய்ச் சேரும். அங்கே மூடும் பட்டறைகளும் புதுப்பிக்கும் பட்டறைகளும் பழைய சாமான்களை விற்கின்றன. போகும்போது ஒரு லீவர் டயல், கனமான ஸ்டாண்டு, ஒரு ஸ்லிப் கேஜ் (அளவுக் கட்டை) எடுத்துப்போவது நல்லது. கல்லைத் துடைத்து, டயல் முனைக்குக் கீழே ஸ்லிப் கேஜை வைத்து, ஸ்டாண்டோடு சேர்த்து மெல்ல நகர்த்த வேண்டும். அதிகம் புழங்கிய இடத்தில் முள் கீழே இறங்கினால் அங்கே தேய்மானம். கல் முழுவதும் ஒரே வளைவாக இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு அளவுச் சான்று வேண்டும். கோவை சிட்டார்க் போன்ற ஆய்வகங்கள் இருப்பது அதற்குத்தான்.

அதுவும் கைக்கு எட்டாவிட்டால் தடித்த ஃப்ளோட் கண்ணாடி தற்காலிகத் துணை. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து உறைவதால் அது சாதாரணக் கற்பலகையைவிடச் சமமாக இருக்கும். கோடு கிழிக்க ஏற்றது; கனமான பம்பை மட்டும் அதன் மேல் வைக்கக் கூடாது.

கொட்டகைக்கு வந்த கல்லை நான்கு காலில் அல்ல, மூன்று புள்ளியில் நிறுத்த வேண்டும். மூன்றில் எதுவும் ஆடாது. தகரக் கூரைச் சூடும் கதவு வழி வெயிலும் கல்லின் மேல்பக்கத்தை மட்டும் சூடாக்கினால் நடு மேலே புடைக்கும். 450 மில்லிமீட்டர் கல்லில் மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசமே இரண்டு மைக்ரானுக்கு மேல் வளைக்கும். நம் ஊரில் அளக்க ஏற்ற நேரம் விடியற்காலை.

அந்த நேரத்தில் பம்பைக் கல் மேல் இறக்குகிறார் பட்டறைக்காரர். விரலால் மூலைகளை அழுத்துகிறார். ஒரு மூலையில் லேசாக டக்கென்று சத்தம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.15 மில்லிமீட்டர் தகடு அந்தக் காலுக்கு அடியில் நுழைகிறது, 0.20 நுழையவில்லை. பேனாவால் காலிலேயே எண்ணை எழுதிவிட்டு அரத்தை எடுக்கிறார்.